கதவும் தீயும்: ஒரு சிறு வரலாறு

நம் மரபில் கதவு என்பது வீட்டின் முகம். நிலை வைப்பதற்கு நாள் பார்க்கிறோம். மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு, மாவிலை கட்டிப் பூசை செய்த பிறகே நிலையை நிறுத்துகிறோம். கொங்கு நாட்டின் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் சுவர் மண்ணாக இருந்தாலும் வாசற்கால் தேக்காக இருக்கும். ஆனைமலைக் காடுகளிலிருந்து வெட்டிய தேக்கை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என்ற பெயரோடு நிற்கிறது. அந்தத் தேக்கின் மீது கோவை மக்களுக்கு உள்ள பற்று, தனி வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்த பின்னும் மறையவில்லை. காந்திபுரத்தின் வீதிகளிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவர், கட்டுநர் பொருத்திக் கொடுத்த பிளஷ் கதவைக் கழற்றிவிட்டு, மயிலோ யானையோ செதுக்கிய தேக்குக் கதவைப் பொருத்துவது சாதாரணமாக நடப்பது. அதற்கு வெளியே ஓர் இரும்புக் கிராதிக் கதவும் வந்துவிடும்.

இதில் பிறர் தலையிட என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். பணம் நம்முடையது, வீடு நம்முடையது, கதவும் நம்முடையது. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நிகழ்ந்த தீவிபத்துகளின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் படித்தால், இந்த எளிய முடிவு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. பலர் சேர்ந்து வாழும் கட்டடத்தில் ஒரு வீட்டின் முன்கதவு, அந்த வீட்டாருக்குக் கதவு. மற்ற எல்லாருக்கும் அது சுவர். இந்த உண்மையை உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதையே இங்கு பார்க்க விரும்புகிறோம். அந்தக் கதையின் முதற்பகுதி, வியப்பாக, நம் கோவையின் மில்களோடு தொடர்புடையது.

பஞ்சைக் காத்த கதவு

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையோடு கோவையின் நூற்பாலை வரலாறு ஆரம்பிக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. பஞ்சு இருக்கும் இடத்தில் தீயும் இருக்கும் என்பது மில் தொழிலாளர் அனைவரும் அறிந்த செய்தி. பேலைப் பிரித்துப் பஞ்சை அடித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில், பஞ்சோடு கலந்துவரும் ஒரு சிறு இரும்புத் துண்டு சுழலும் தகட்டில் மோதினால் போதும், பொறி பறக்கும். காற்றுக் குழாய் வழியே அந்தப் பொறி அடுத்த எந்திரத்துக்கும், அங்கிருந்து அடுத்த கூடத்துக்கும் போய்விடும். ஆகவே புளோரூமையும் பஞ்சுக் குடோனையும் ஆலையின் மற்றப் பகுதிகளிலிருந்து கனத்த சுவரால் பிரித்தார்கள். சுவரில் வழி வேண்டுமே, அந்த வழிக்குத் தீக்கதவு வைத்தார்கள்.

அந்தக் கதவின் பொறியமைப்பு எளிமையானது, அழகானது. கதவு சற்றே சாய்வான தண்டவாளத்தில் தொங்கும். ஒரு கயிறும் எடைக்கட்டியும் அதைத் திறந்த நிலையில் பிடித்துவைத்திருக்கும். கயிற்றின் நடுவே, குறைந்த வெப்பத்திலேயே உருகும் உலோகக் கலவையாலான ஓர் இணைப்புத் துண்டு இருக்கும். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பம் எட்டியதும் அது உருகி அறுந்துவிடும், எடை விழும், கதவு தன் பாரத்தாலேயே சரிந்து வந்து வழியை மூடிக்கொள்ளும். மனிதன் ஓடிவந்து மூட வேண்டியதில்லை. மின்சாரம் வேண்டியதில்லை.

கதவின் உடலிலும் ஒரு பாடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி ஆலை முதலாளிகள் தமக்குள் பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனங்களை அமைத்துக்கொண்டபோது, எந்தக் கதவு தீயைத் தாங்கும் என்று ஆராய்ந்தார்கள். வெறும் இரும்புக் கதவு சூட்டில் வளைந்து நெளிந்து நிலையை விட்டு விலகிவிடுகிறது; ஆனால் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் தகரம் போர்த்திய மரக்கதவு அதிக நேரம் நிற்கிறது என்று கண்டார்கள். காற்றுப் புகாத மரம் எரிவதில்லை, கரியாகிறது. அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் கவசமாகிறது.

இந்தியாவிலும் காப்பீட்டுத் துறையே இந்தக் கதவுகளைக் கொண்டுவந்த முக்கியமான சக்தி. தீக்காப்பீட்டுக் கட்டணம் ஒழுங்குமுறையின் கீழ் இருந்த காலத்தில், அதாவது 2007இல் அது விடுவிக்கப்படும் வரை, பிரிவுச்சுவரும் தீக்கதவும் முறையாக உள்ள ஆலைக்கு ஒரு கணக்கு, இல்லாத ஆலைக்கு வேறு கணக்கு. இந்தியத் தர நிறுவனம் தீக்கதவுகளுக்கான ஐ.எஸ். 3614 என்ற தரத்தின் முதற்பகுதியை வெளியிட்டது 1966இல். அது தகட்டுக் கதவு, தகடு போர்த்திய கதவு, சுருள் கதவு ஆகிய ஆலைக் கதவுகளைப் பற்றியது. தீயில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சோதிக்கும் முறையை வகுத்த இரண்டாம் பகுதி வர 1992 ஆயிற்று. பஞ்சுக்கு விலை இருந்தது. அந்த விலையைக் கணக்கிட ஒருவர் இருந்தார். ஆகவே பஞ்சுக்கு முதலில் கதவு கிடைத்தது.

அடைக்க ஒரு கதவு, திறக்க ஒரு கதவு

கோவைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ரயில்வே ஊழியராக இருந்து ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவின் தொடக்ககால நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று அது. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருள். பற்றிக்கொண்டால் நீருக்கடியிலும் எரியும். 1897இல் பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தையில் படக்கருவியின் விளக்கிலிருந்து பிடித்த தீ நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இங்கிலாந்து 1909இல் சட்டம் செய்து, படக்கருவியைத் தீத்தாங்கும் அறைக்குள் வைக்கச் சொன்னது. இந்தியாவில் 1918இல் வந்த சினிமாட்டோகிராப் சட்டம் தணிக்கையின் பெயரால் மட்டுமே இன்று நினைக்கப்படுகிறது. ஆனால் பார்வையாளரின் பாதுகாப்புக்கு ஏற்பாடு இல்லாத அரங்குக்கு உரிமம் இல்லை என்பதும் அச்சட்டத்தின் ஒரு பாதி.

ஆலைக் கதவும் படக்கருவி அறையும் கற்பித்தது ஒன்றே: தீயை அது பிறந்த இடத்திலேயே அடைத்துவை. ஆனால் கூட்டம் கூடும் இடங்கள் இதற்கு நேரெதிரான ஒரு பாடத்தையும் கற்பித்தன. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா ஹாலில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியின் முடிவில் பரிசு தருவதாக அறிவித்தார்கள். மாடியிலிருந்து ஓடிவந்த குழந்தைகள், ஒருவர் மட்டுமே நுழையும் இடைவெளியோடு தாழிடப்பட்டிருந்த கதவின்முன் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். 183 குழந்தைகள் இறந்தனர். அங்கே தீயே இல்லை. கதவு மட்டுமே இருந்தது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்வாய் நாடக அரங்கில் தீப்பிடித்தபோது 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பூட்டிய கதவுகளும், திறக்கும் விதம் விளங்காத தாழ்ப்பாள்களும் அவர்களைத் தடுத்தன. இன்று திரையரங்குகளில் காண்கிறோமே, உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குச் சட்டம், அது இவ்விரு துயரங்களின் குழந்தை.

அந்தப் பாடத்தை நாம் முழுமையாகக் கற்கவில்லை என்பதற்கு 1997 ஜூன் 13 சாட்சி. தில்லி உபஹார் திரையரங்கில் கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீ மேலே பால்கனிக்கு வரவே இல்லை. புகை மட்டும் வந்தது. கூடுதல் இருக்கைகளால் ஒரு பக்கத்து வழி அடைபட்டிருந்தது, கதவுகள் தாழிட்டிருந்தன. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

தமிழ்நாட்டின் மூன்று ஆண்டுகள்

2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி. 2004 ஜனவரி 23 ஸ்ரீரங்கம். 2004 ஜூலை 16 கும்பகோணம். மூன்றே ஆண்டுகளுக்குள் தமிழகம் மூன்று முறை எரிந்தது. ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் 28 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிப்பந்தல் பற்றியெரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறங்குவதற்கு இருந்த படிக்கட்டு குறுகலானது. கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அங்கும் படிக்கட்டு குறுகல்தான்.

மூன்று இடங்களிலும் எரிந்தது கூரை. ஆகவே அரசின் கையும் மக்களின் கோபமும் முதலில் கூரைமீதே விழுந்தன. பள்ளிகளிலிருந்து கீற்றுக்கொட்டகைகள் அகற்றப்பட்டன. அது தேவையான செயலே. ஆனால் மூன்று இடங்களிலும் உயிர்களைக் கொன்றதில் இன்னொன்றுக்கும் பங்குண்டு: வெளியேற வழியின்மை. கூரை நம் கண்ணில் பட்ட அளவுக்கு வழி படவில்லை. கீற்றை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்டதும் தீ என்ற அத்தியாயம் முடிந்துவிட்டதாக நம்பினோம். காங்கிரீட் எரியாது என்பது உண்மைதான். ஆனால் காங்கிரீட் கட்டடத்துக்குள் இருக்கும் சோபா, மெத்தை, திரைச்சீலை, இன்வெர்ட்டர், சார்ஜில் போட்ட மின்ஸ்கூட்டரின் பேட்டரி எல்லாம் எரியும். அவற்றின் புகை கூரை வழியே வெளியேறாமல், படிக்கட்டு வழியே மேலேறும்.

மூன்றாவது பாடம்

இங்கேதான் அடுக்ககத்தின் முன்கதவு வரலாற்றுக்குள் நுழைகிறது. ஆலைக்கதவு தீயை அடைக்க வேண்டும். அரங்கக்கதவு மனிதரை விட வேண்டும். அடுக்கக வீட்டின் கதவோ இரண்டையும் செய்ய வேண்டும்: உள்ளிருப்பவரை உடனே வெளியே விட்டு, அவர் போனதும் தானே மூடிக்கொண்டு, தீயையும் புகையையும் உள்ளேயே நிறுத்த வேண்டும்.

தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுகிறவர் திரும்பிப் பார்த்துக் கதவை மூடுவதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது; கையில் குழந்தை இருக்கலாம். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் அறைச் சூடேற்றியால் ஒரு வீடு பற்றியது. வீட்டார் வெளியேறினார்கள். தானே மூடிக்கொள்ள வேண்டிய முன்கதவு மூடவில்லை. மேலே ஒரு படிக்கட்டுக் கதவும் மூடவில்லை. நெருப்பு அந்த வீட்டையும் அதன் முன்னிருந்த நடையையும் தாண்டவில்லை. ஆனால் புகை கட்டடம் முழுவதும் ஏறியது. 17 பேர் இறந்தனர், அவர்களில் 8 பேர் குழந்தைகள். எரிந்த வீட்டிலிருந்தவர்கள் தப்பினார்கள். புகையில் மாண்டவர்கள் மற்ற வீடுகளில் வாழ்ந்தவர்கள். கதவு அண்டை வீட்டாரின் சுவர் என்று நாம் மேலே சொன்னது உவமையன்று, இந்தப் பொருளில்தான்.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டபோது, வெளிச்சுவரின் உறையே உலகத்தின் கவனத்தைப் பிடித்தது. பிறகு நடந்த விசாரணையில் முன்கதவுகளின் கதையும் வெளிவந்தது. அந்தக் கட்டடத்தின் வீட்டுக்கதவுகள் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் புதிதாக மாற்றப்பட்டவை. 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டிய அவ்வகைக் கதவு ஒன்றைச் சோதித்தபோது ஏறத்தாழ 15 நிமிடமே தாங்கியது. பல வீடுகளில் தானே மூடும் கருவி பழுதாகியிருந்தது, அல்லது இல்லவேயில்லை. புதுக்கதவு என்பதால் நல்ல கதவு என்று பொருளாகிவிடவில்லை.

அதன் பின் இங்கிலாந்து செய்தது கவனிக்கத்தக்கது. வீட்டின் முன்கதவு தனியார் உடைமையா, பொதுப் பாதுகாப்பின் பகுதியா என்ற பழைய குழப்பத்தை 2021ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டம் தீர்த்தது: முன்கதவும் கட்டடத்தின் பொதுப் பாதுகாப்புக்குள் அடங்கும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், வீட்டு முன்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறையும் பார்வையிட வேண்டும். கதவை மூடியே வைக்க வேண்டும், மூடும் கருவியைக் கழற்றக்கூடாது, பழுதை உடனே தெரிவிக்க வேண்டும் என்று குடியிருப்போருக்கு அறிவிக்கவும் வேண்டும். தன் வீட்டுக் கதவைப் பிறர் வந்து சோதிப்பதா என்ற முணுமுணுப்பு எந்த ஊரிலும் எழக்கூடியதே. 72 உயிர்களுக்குப் பின் எழுதப்பட்ட விதி என்பதால் அது நின்றது.

நம் ஊரில்

இந்தியாவில் 1970 முதல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு உண்டு; 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. வெளியேறும் வழிக்கதவைச் சாவியின்றி உள்ளிருந்து திறக்க இயல வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. உயரக் கட்டடங்களின் படிக்கட்டுக்குத் தீக்கதவு வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் தொகுப்பு என்பது பரிந்துரை. மாநிலமும் உள்ளாட்சியும் எடுத்துக்கொண்ட அளவுக்கே அது சட்டம். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதையே உயரக் கட்டடம் என்கின்றன. தீயணைப்புத் துறையின் கண்டிப்பான பார்வை பெரும்பாலும் அதற்கு மேலேதான். கோவையின் வீதிகளில் நிற்கும் நான்கு, ஐந்து மாடி அடுக்ககங்கள் மிகப் பல அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கிவிடுகின்றன. கட்டும்போது ஒருமுறை பார்க்கப்படும் கட்டடத்தில், பத்தாண்டு கழித்து ஒருவர் கதவை மாற்றும்போது கேட்பதற்கு யாருமில்லை.

எல்லா அடுக்ககமும் ஒரே அளவு ஆபத்தானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகள் பலவற்றில் நடை ஒருபக்கம் திறந்திருக்கும். புகை வந்தால் காற்றோடு போய்விடும். அங்கே முன்கதவின் பொறுப்பு குறைவு. நடை உள்ளே அடைபட்டு, இருபுறமும் வீடுகள் எதிரெதிரே நின்று, நடுவில் ஒரே படிக்கட்டும் மின்தூக்கியும் இருக்கும் பிற்காலக் கட்டடங்களில்தான் கதவே எல்லாமாகிறது. குளிர்சாதனத்துக்காகவும் தூசுக்காகவும் திறந்த நடைகளுக்குக் கண்ணாடி போட்டு அடைப்பவர்கள், பழைய வகைக் கட்டடத்தை அறியாமலே புதிய வகையாக மாற்றிவிடுகிறார்கள்.

தேக்குக் கதவு தவறா என்று கேட்கலாம். கனமான மரம் தீக்கு அவ்வளவு எளிதில் வழிவிடுவதில்லை. நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் அது கரியாகும். குறை வேறிடத்தில் இருக்கிறது. செதுக்கு வேலைக்காகச் சட்டத்துக்குள் பொருத்தும் பலகை மெல்லியது. சட்டம் நிற்கும்போதே பலகை ஓட்டையாகிவிடும். கதவுக்கும் நிலைக்கும் இடையிலும், கீழே தரையோடும் விடும் இடைவெளி இன்னொரு குறை; தீக்கதவில் பக்க இடைவெளி மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை, சூடு பட்டால் உப்பி அதையும் அடைக்கும் பட்டை அதன் விளிம்பில் இருக்கும். மூன்றாவது குறை, மூடும் கை இல்லாதது. கடைக்காரர்கள் டோர் குளோசர் என்று சொல்லும் அந்தச் சிறு கருவியை அலுவலகக் கண்ணாடிக் கதவில் பார்க்கிறோம், வீட்டுக் கதவில் அரிதாகவே பார்க்கிறோம். தீக்கதவு என்பது பலகை மட்டுமன்று. நிலை, கீல், பட்டை, மூடும் கை எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பு. ஒன்றை மட்டும் மாற்றினாலும் சோதனையில் பெற்ற நிமிடக் கணக்கு பொய்யாகிவிடும்.

இரும்புக் கிராதிக்கும் நியாயம் உண்டு. திருட்டு பொய்யன்று, தனியே வாழும் முதியவர்களின் அச்சமும் பொய்யன்று. ஆனால் இரவில் உட்புறம் பூட்டுப் போட்டுச் சாவியை எங்கோ வைத்துவிட்டுப் படுக்கும் வழக்கம், திருடனுக்கு எதிரான காப்பைத் தீயின் நேரத்தில் சிறையாக்கிவிடுகிறது. புகை நிறைந்த இருட்டில் சாவியைத் தேடும் நேரமே உயிரின் நேரம். உள்ளிருந்து சாவியின்றித் திரும்பும் பூட்டுகள் கடையில் கிடைக்கின்றன. மொட்டைமாடிக் கதவுக்கும் இதுவே பொருந்தும். 2010 மார்ச் 23 அன்று கொல்கத்தா பார்க் வீதியில் ஸ்டீபன் கோர்ட் கட்டடம் எரிந்தபோது 43 பேர் இறந்தனர். மேலே ஓடியவர்கள் பூட்டிய மாடிவழியின் முன் படிக்கட்டிலேயே மாண்டார்கள். தண்ணீர்த்தொட்டியைப் பாதுகாக்கவும், பிள்ளைகள் ஏறாமலிருக்கவும் நம் அடுக்ககங்களில் தொங்கும் மாடிப்பூட்டை நாம் அந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆகவே கதவை மாற்ற வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. மாற்றுகிறவர், எந்த மரம், எந்தச் செதுக்கு, எந்தத் திசை என்று கேட்கும் கேள்விகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேட்கலாம். இது எத்தனை நிமிடம் தாங்கும்? நாம் ஓடிய பின் இது தானே மூடிக்கொள்ளுமா? இருட்டில் சாவியின்றி இதைத் திறக்க முடியுமா? குடியிருப்புச் சங்கங்கள் வண்ணப்பூச்சுக்கும் மின்தூக்கிக்கும் தீர்மானம் போடுவதுபோல் இதற்கும் ஒரு தீர்மானம் போடலாம்; சட்டம் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் வரும் வழி எது என்பதைத்தான் சண்டர்லாந்து முதல் கிரென்ஃபெல் வரை பார்த்தோம்.

கோவையின் பழைய மில்கள் பல இன்று இல்லை. சில இடங்களில் அடுக்ககங்களே எழுந்துவிட்டன. ஒரு காலத்தில் பஞ்சுப் பேல்களுக்கும் நெருப்புக்கும் நடுவே தானே சரிந்து மூடும் கதவு நின்ற நிலத்தில், இன்று மனிதர்கள் உறங்குகிறார்கள். அவர்களுடைய கதவுகளுக்கு அந்தக் கடமையை இன்னும் எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.